ரொட்டி கருகிடுச்சு

குற்றவாளி யாரென்று விசாரணை தொடங்கும் முன்பே எக்ஸ்ரேவுக்குத் தெரியும். இப்படி ஒரு வசதி எந்தத் துப்பறிவாளருக்கும் வாய்த்திருக்காது. ஆனாலும் அவருக்கு அதில் சந்தோஷமில்லை. குற்றவாளி அவரேதான்.

"பதினஞ்சு நாள் தரோம்," என்றார் வக்கீல். "அந்த இணையப் பக்கத்தை நடத்துறது யாருன்னு கண்டுபிடிச்சு எழுத்து மூலமா கொடுங்க. அன்னிக்கே ஆளை நீக்கிடலாம். இந்த மாடிப்படியில அவன் மறுபடி கால் வெக்கக் கூடாது."

"வெக்கக் கூடாதுதான்," என்றார் எக்ஸ்ரே. வேறு என்ன சொல்வது.

அது சோபா பழுது பார்க்கும் கடை ஒன்றின் மாடி. சனிக்கிழமை மதியமானால் பதினைந்து இருபது பேர் அங்கே கூடி, பெரிய திரையில் ஒருவரை ஒருவர் அடித்து நொறுக்குவார்கள். அடியெல்லாம் வீடியோ விளையாட்டுக்குள்தான். கடைக்காரியான சோபாக்கா, கீழே வேலை முடியாமல் கிடக்கும் இருக்கைகளை மேலே ஏற்றிப் போட்டுவிடுவார். ஒரு வாரம் வெல்வெட்டில் சாய்ந்துகொண்டு உதை வாங்கலாம். அடுத்த வாரம் ஸ்பிரிங் குத்தக் குத்த உதை வாங்கலாம். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் எக்ஸ்ரே. பேக்கரியில் அடுப்படியில் நிற்கும் இளைஞன் ரொட்டி. இரண்டு மாதத்துக்கு முன் வந்து சேர்ந்து, வந்த வேகத்தில் மன்றத்துக்குச் சட்டதிட்டம் எழுதிக் கொடுத்தவர் வக்கீல்.

எக்ஸ்ரேவுக்கு நாற்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்பதைத் தவிர அவருக்குப் பேச்சில்லை. வீட்டில் அந்த அளவுகூட இல்லை. தன்னைப் பார்த்ததும் நாலு பேர் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுக்கிற அறை இந்த உலகத்தில் அவருக்கு அது ஒன்றுதான். அந்த இடம்தான் இப்போது பறிபோக இருந்தது. பறிக்கும் வேலையையும் அவர் தலையிலேயே கட்டியிருந்தார்கள்.

எல்லாம் ஏழு மாதத்துக்கு முன் தொடங்கியது. அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேர் வாய்ச்சவடால் விட்டால், ஒருவர் பத்து ஆட்டம் ஜெயிக்கும்வரை ஆடித் தீர்த்துக்கொள்ள வேண்டும். தோற்றவர், வென்றவர் கொடுக்கும் படத்தை ஒரு மாதம் மன்றத்தின் வாட்ஸப் குழுவில் தன் முகமாக வைத்துக்கொள்ள வேண்டும். "ரொட்டி ஆட்டத்துல வேகம் இருக்கு, சரக்கு இல்லை" என்று எக்ஸ்ரே ஒரு நாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ரொட்டி பத்து ஜெயித்தான். எக்ஸ்ரே ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ரொட்டி கொடுத்த படம் ஒரு மண்டையோட்டின் எக்ஸ்ரே. மூளை இருக்க வேண்டிய இடத்தில் 'காலி' என்று எழுதியிருந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் மூளை எப்படியும் தெரியாது என்ற விஷயத்தை அவர் ஒருவரிடமும் எடுத்துச் சொல்ல முடியவில்லை. எல்லாரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய், பேர் சொல்லாமல் இணையத்தில் ஒரு பக்கம் ஆரம்பித்தார். அதற்கு 'ரொட்டி கருகிடுச்சு' என்று பெயர் வைத்தார்.

முதல் பதிவில் வயிற்றெரிச்சல் மட்டும்தான் இருந்தது. இரண்டாவதற்குச் சரக்கு வேண்டியிருந்தது. ஆடி முடித்த ஆட்டங்களையெல்லாம் அந்த விளையாட்டே சேமித்து வைத்திருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். விடிந்ததும் குளித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்வரை அவர் ரொட்டியின் ஆட்டங்களை மெதுவாக ஓட்டிப் பார்த்தார். எலும்பில் மயிரிழை விரிசலைத் தேடிப் பழகிய கண் அது. இரண்டாம் நாளே அகப்பட்டது. எதிராளியைக் கீழே தள்ளியதும் ரொட்டியின் குடைக்காரி இரண்டு தடவை பின்னால் குதிப்பாள். விளையாட்டில் இருக்கும் வீரர்களில் ரொட்டி எப்போதும், குடையால் சண்டை போடும் அந்தக் குடைக்காரியைத்தான் எடுப்பான். எக்ஸ்ரே அந்தப் பத்து வினாடியை வெட்டிப் போட்டு, 'அடிச்சுப் போட்டுட்டு ஏன் இப்படி ஓடுறார்? அடுப்புல எதையாவது மறந்து வெச்சுட்டு வந்துட்டாரோ?' என்று எழுதினார். பதினோரு பேர் சிரித்திருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை ரொட்டி பின்னால் குதிக்கவில்லை.

சரியென்று வேறு ஒரு தப்பைப் பிடித்துப் போட்டார். ஒரே வாரத்தில் அதுவும் காணாமல் போனது. மூன்றாவது, நான்காவது, எல்லாம் அப்படியே. விரிசல் இல்லாத எலும்பில் விரிசல் என்று எழுத எக்ஸ்ரேவின் தொழில் புத்தி இடம் கொடுக்கவில்லை. ஆகவே மேலும் மேலும் தோண்ட வேண்டியதாயிற்று. முதல் மாதம் பத்து நிமிடத்தில் ஒரு தப்பு கிடைத்தது. ஐந்தாம் மாதம் ஒரு தப்புக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் பார்த்ததெல்லாம் தப்பில்லாத ஆட்டம். எதிராளியின் அடி எட்டாத தூரத்தில், ஒரு விரற்கடை தள்ளி, குடைக்காரி நின்று காட்டுவாள். அடி காற்றில் போகும். அது திரும்புவதற்குள் குடை நுனி நெஞ்சில் இருக்கும். எக்ஸ்ரே அதை ஒன்பது தடவை ஓட்டிப் பார்த்தார். தப்பு தேடி இல்லை. அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

கல்யாணமான பதினாறு வருஷத்தில் தன்னை ஒரு நாளாவது இப்படிக் கண் கொட்டாமல் பார்த்ததுண்டா என்று அவர் மனைவி கேட்டாள். அவர் ஒலியைக் குறைத்துக்கொண்டார்.

இதற்குள் பக்கத்துக்கு வெளியூர்க்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். முதலில் நானூறு பேர், பிறகு ஆயிரம். அவர்களுக்கு ஆட்டத்தைப் பற்றிக் கவலையில்லை. கிண்டலுக்கு ஓர் ஆள் கிடைத்தால் போதும். ஒருவன், அந்தப் பேக்கரியில் வாங்கித் தின்றால் வயிறு கெடும் என்று எழுதினான். இன்னொருவன், அடுப்புச் சூட்டில் ரொட்டியின் கைகளில் விழுந்திருந்த தழும்புகளைப் பற்றி எழுதினான். எக்ஸ்ரே அதைப் பார்த்த உடனே அழித்தார். அந்தக் கைகள் எத்தனை துல்லியமானவை என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனால் அழிப்பதற்குள் யாரோ படம் பிடித்து ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். வக்கீல் அதைத்தான் கூட்டத்தில் எடுத்துக் காட்டினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. விசாரணை அதிகாரியாக யாரைப் போடலாம் என்று கேட்டபோது நாலைந்து குரல் ஒரே நேரத்தில், "எக்ஸ்ரேவைப் போடுங்க" என்றது.

விசாரணை என்று வந்துவிட்டால் விசாரிக்கத்தானே வேண்டும். எக்ஸ்ரே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் கோடு போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார். யார் மேல் சந்தேகம், ஏன் சந்தேகம், அன்று எங்கே இருந்தீர்கள். எல்லாரும் முகத்தை வெகு சீரியஸாக வைத்துக்கொண்டு பதில் சொன்னார்கள். இரண்டு பேருக்கு நடுவில் இருமல் வந்து வெளியே போய்விட்டு வந்தார்கள். அவர் படியேறி வரும்போது திரையில் தன் பக்கம் ஓடிக்கொண்டிருப்பதையும், அவர் தலை தெரிந்ததும் யாரோ அவசரமாக அணைப்பதையும் கவனித்தார். விசாரணை அதிகாரிக்குக் கொடுக்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

ரொட்டியைக் கடைசியாகக் கூப்பிட்டார். அவன் கண்ணைப் பார்க்க முடியாமல் நோட்டைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா. யாரா இருந்தாலும் ரசனை உள்ள ஆளு."

"கோபம் வரலையா?"

"முதல் ரெண்டு நாள் வந்துச்சு. அப்புறம் பார்த்தா, சொன்னதெல்லாம் சரியா இருக்கேண்ணா."

எக்ஸ்ரே அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எழுத்து கோணலாக விழுந்தது.

சந்தேகம் தன் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்று அன்றைக்கே ஒரு தந்திரம் செய்தார். பக்கத்தில் தன்னைப் பற்றியே ஒரு பதிவு போட்டுவிட்டால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? எக்ஸ்ரே ஆடுவது மல்லனை வைத்து. எதிராளியைப் பிடித்துத் தூக்கி எறிவதுதான் மல்லனின் வேலை. பிடிப்பதற்கு முன்னால் தான் அரை நொடி அசையாமல் நிற்பது அவருக்கே தெரியும். அதை வெட்டிப் போட்டு, 'எக்ஸ்ரே யாரையும் சும்மா பிடிக்க மாட்டார். பத்திரிகை அடிச்சு, வீட்டுக்கு வந்து வெச்சுட்டுத்தான் பிடிப்பார்' என்று எழுதினார். தொழில் புத்தி அங்கேயும் விடவில்லை. எந்த நொடியில், எத்தனை நேரம் என்று கணக்காகச் சொல்லிவிட்டார்.

அதுவரை எந்தப் பதிவுக்கும் அத்தனை சிரிப்பு வந்ததில்லை. அடுத்த சனிக்கிழமை மாடியில் ஒரு பிடியும் பிடிபடவில்லை. மல்லன் அசையாமல் நின்ற அதே கணத்தில் ஆளாளுக்கு நழுவினார்கள். சேர்ந்து மூன்றே வாரமான ஒரு தபால்காரர்கூட, "பத்திரிகை வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். எக்ஸ்ரே ஏழு பேரிடம் வரிசையாகத் தோற்றார்.

பக்கத்தையே நிறுத்திவிடலாம் என்று அடுத்த முடிவுக்கு வந்தார். ஒரு வாரம் ஒன்றும் போடவில்லை. கெடு முடிந்ததும், 'குற்றவாளி மனம் திருந்தி ஒதுங்கிவிட்டதாகத் தெரிகிறது' என்று அறிக்கை எழுதிக் கொடுத்தார். வக்கீல் அதை இரண்டு தடவை படித்தார். ஆள் ஒதுங்குகிறான் என்றால் பயந்துவிட்டான் என்று அர்த்தம், நீங்கள் கிட்டே நெருங்கிவிட்டீர்கள் என்று எக்ஸ்ரேவின் தோளைத் தட்டி, இன்னும் ஒரு மாதம் கொடுத்தார்.

அதைவிடப் பெரிய சங்கடம் ரொட்டியால் வந்தது. அவன் ஆட்டம் தளர்ந்துவிட்டது. கீழே தள்ளிவிட்டு இரண்டு தடவை பின்னால் குதிக்கும் பழைய வியாதிகூடத் திரும்பி வந்தது. ஊரில் வருஷாவருஷம் நடக்கும் பெரிய போட்டிக்கு மூன்றே வாரம் இருந்தது. அந்தப் போட்டியில் இரண்டு வருஷமாக ஜெயித்தவர் மீட்டர் என்கிற வாடகைக் கார் டிரைவர். எதிராளியை எத்தனை நேரத்தில் சாய்த்தேன் என்று வினாடிக் கணக்கோடு ஊருக்குச் சொல்வது அவர் வழக்கம். போன வருஷம், 'ரொட்டி: ஒரு நிமிஷம் பதினாறு வினாடி. வெயிட்டிங் சார்ஜ் இல்லை' என்று போட்டிருந்தார்.

படியிறங்கும்போது ரொட்டி எக்ஸ்ரேவின் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான். "அண்ணா, விசாரிக்கிறேன்னு அந்த ஆளை மிரட்டிட்டீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"எனக்கு எது தப்புன்னு இப்போ தெரிய மாட்டேங்குது. அந்த ஆளைப் பார்த்தீங்கன்னா, எழுதச் சொல்லுங்களேன்."

எழுதினால் மாடியை இழக்கலாம். எழுதாவிட்டால் இந்தப் பையன் மறுபடியும் ஒரு நிமிஷம் பதினாறு வினாடியில் விழுவான். எக்ஸ்ரே வீட்டுக்குப் போகும் வழி முழுக்க யோசித்தார். பிறகு எழுதினார்.

முதல் வேலையாக, ஆட்டத்தைத் தவிர ரொட்டியின் கையைப் பற்றியோ கடையைப் பற்றியோ யார் வாய் திறந்தாலும் வெளியே தள்ளப்படுவார்கள் என்று பக்கத்தின் உச்சியில் எழுதி வைத்தார். சொன்னபடி இருநூறு பேரைத் தள்ளினார். பிறகு மீட்டரின் ஆட்டங்களையும் ரொட்டியின் ஆட்டங்களையும் அருகருகே ஓட்டி, தினம் ஒரு பதிவு போட்டார். கிண்டலாக எழுத வேண்டும் என்று உட்காருவார். எழுதி முடித்தால் வைத்தியம் மாதிரி இருக்கும். போட்டிக்கு ஐந்து நாள் முன்னால் போட்டது இது: 'உயிர் கால்வாசி ஆனதும் ரொட்டி குடையை விரிச்சுச் சுத்த ஆரம்பிக்கிறார். பயந்தா கண்ணை மூடிக்கிறவங்க செய்யிற வேலை. மீட்டர் அதுக்குத்தான் காத்திருக்கார். கண்ணைத் திற. சுத்தாதே. மீட்டரும் பெரிய அடி அடிச்ச பிறகு ஒரு கணம் முதுகைக் காட்டுவார்.' போட்டுவிட்டுப் படித்துப் பார்த்தார். இதில் கிண்டல் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில் ஒரு சிரிக்கும் பொம்மையை ஒட்டிவைத்தார்.

போட்டி நடந்த மண்டபத்தில் ஐந்நூறு நாற்காலி. மாடிக்காரர்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டி ஒவ்வொரு சுற்றாக ஏறி இறுதிக்கு வந்துவிட்டான். எட்டு மாதத்துத் தப்புகளில் ஒன்றுகூட அவன் ஆட்டத்தில் மிச்சமில்லை. எக்ஸ்ரேவின் கண் பழக்கத்தில் விரிசல் தேடியது, கிடைக்கவில்லை. அவர் மனசுக்குள் ஒரு பெருமை வந்து உட்கார்ந்தது. அதற்குத் தனக்கு உரிமையில்லை என்று தெரிந்தும் எழுப்ப மனசில்லை.

கடைசி ஆட்டம். இரண்டு பேரும் சமம். மீட்டர் சுவரோரமாக நெருக்கி நெருக்கி அடித்தார். குடைக்காரியின் உயிர் பாதியானது, கால்வாசியானது. ரொட்டியின் தோள் மேலே எழும்புவதை எக்ஸ்ரே பார்த்தார். குடை விரியப் போகிறது. அவர் தன்னை மறந்து எழுந்து நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"கண்ணைத் திற. சுத்தாதே."

கத்திய பிறகுதான் உறைத்தது. எழுத்துப் பிசகாமல் பக்கத்தில் போட்ட அதே வாசகம். மெதுவாகத் திரும்பி வரிசையைப் பார்த்தார். சோபாக்கா முன் நாற்காலியின் தையலைக் கவனமாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். தபால்காரர் கூரையில் மின்விசிறிகளை எண்ணிக்கொண்டிருந்தார். யாரும் கவனிக்கவில்லை. வக்கீல் மட்டும், "சரியாச் சொன்னீங்க" என்று கை குலுக்கினார். எக்ஸ்ரே உயிர் வந்து உட்கார்ந்தார்.

மேடையில் குடை விரியவில்லை. ரொட்டி காத்திருந்தான். மீட்டர் பெரிய அடியை அடித்தார், அது காற்றில் போனது, முதுகு தெரிந்தது. பிறகு ரொட்டி ஜெயித்த விதத்தை அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் ரொம்ப நாள் பேசுவார்கள். மீட்டர் எழுந்து வந்து ரொட்டியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வழியில் ஆளை இறக்கிவிட்டே பழகியவர், அன்று தானே இறங்கிக்கொண்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

ரொட்டியிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அவனுக்குப் பேச வராது.

"ஒரு ஆளு என்னைக் கிண்டல் பண்ணி எழுதறாங்க," என்றான். "எங்கம்மாகூட என்னை அவ்வளவு உத்துப் பார்த்ததில்லை. அவங்க யாரா இருந்தாலும், இது அவங்களுக்கு." கோப்பையை யாருக்கென்று தெரியாமல் காட்டுகிறவன் மாதிரி கூட்டத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தான். அது எக்ஸ்ரே இருந்த பக்கமாக இருந்தது.

எக்ஸ்ரே அழுதுவிட்டார். வெட்கமில்லாமல், கைக்குட்டை நனைய அழுதார்.

இதற்கு மேல் மறைத்தால் மனுஷனே இல்லை என்று தோன்றியது. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், ஆஸ்பத்திரிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் சோபாக் கடைக்குப் போனார். கையில் விசாரணை நோட்டு. சோபாக்கா வாயில் நாலைந்து ஆணியைக் கவ்விக்கொண்டு ஒரு நாற்காலிக்குத் துணி இழுத்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தார். தன்னை நீக்கிவிடலாம், தன்னிடம் இருக்கும் மாடிச் சாவியைத் திருப்பித் தந்துவிடுகிறேன், ரொட்டியிடம் மட்டும் தானே சொல்லிக்கொள்ள ஒரு நாள் வேண்டும் என்றார்.

சோபாக்கா ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிறகு கடையின் கணினியைத் திருப்பி, பக்கத்தைத் திறந்து, எட்டு மாதத்துக்கு முந்தைய முதல் காணொளியைத் திரை முழுக்க ஓட விட்டார். வலது கீழ் மூலையில் விரலை வைத்தார். சேமித்த ஆட்டத்தை வெட்டி எடுத்தால், பார்த்தவர் யாரென்று அந்த விளையாட்டே காணொளியில் பொடி எழுத்தில் சேர்த்துவிடும். 'பார்ப்பவர்: எக்ஸ்ரே' என்று இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. மொத்தம் ஐம்பத்து மூன்று காணொளியிலும் இருந்தது.

எக்ஸ்ரே தன் ஃபோனை எடுத்துப் பார்த்தார். ஃபோனில் சரியாக அந்த இடத்தில்தான் விருப்பக் குறி உட்கார்ந்து மறைத்துக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக அவர் பக்கத்தை ஃபோனைத் தவிர வேறெதிலும் பார்த்ததில்லை.

"எல்லாருக்கும் தெரியுமாக்கா?"

"வக்கீலைத் தவிர. அவர் ஃபோன்லதான் பார்ப்பார்."

"ரொட்டிக்கு?"

"அவன்தானே முதல்ல பார்த்தான். உனக்குத் தெரிஞ்சா நீ எழுதறதை நிறுத்திடுவியோன்னு, மாடியில ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டான்."

எக்ஸ்ரே துணி போடாத நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். கோடு போட்ட முதல் பக்கமும், ஒவ்வொருவரையும் எதிரில் உட்காரவைத்துக் கேட்ட கேள்விகளும், இருமல் வந்து வெளியே போனவர்களும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள். "அப்புறம் எதுக்குக்கா போயும் போயும் என்னை விசாரிக்கப் போட்டீங்க?" என்று கேட்டார்.

சோபாக்கா ஓர் ஆணியைத் துணியின் ஓரத்தில் நிறுத்தி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"அதுவும் அவன் யோசனைதான் தம்பி. வேற யாரைப் போட்டாலும் சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சிருவாங்கன்னு பயந்தான்."